தோலுக்கு அடியில் என்ன நடக்கிறது?

மூன்றாம் ஆண்டு மின்னணுவியல் மாணவன், சாக்கோட்டை



மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த பேரவைச் செயலாளர், "ரோபோ பத்தி எழுது, இல்லாட்டி செல்போன் டவர் பத்தி எழுது" என்றார். இரண்டுமே போன வருட மலரில் வந்துவிட்டன. அதனால் எங்கள் வீட்டில் நடந்த ஒன்றை வைத்து எழுதுகிறேன். நாம் லேபில் படித்த ஆசிலேட்டரும் ஆம்ப்ளிஃபயரும் இதில் வரும். கொஞ்சம் ரத்தமும் புண்ணும் வரும். சாப்பிடும்போது படிக்க வேண்டாம்!

என் சித்தப்பா கொத்தனார். சாக்கோட்டை, புதுவயல், கண்டனூர்ப் பக்கம் செட்டியார் வீடுகளில் பழைய பூச்சு விழுந்த இடத்தைப் பழையபடியே பூசித் தரக் கூடியவர்கள் இப்போது விரல் விட்டு எண்ணக் கூடியவர்கள்தான். அதில் அவர் ஒருவர். இரண்டு வருடத்துக்கு முன்பு வேலையில் இருக்கும்போது சாரம் சரிந்து கீழே விழுந்தார். முதுகெலும்பு முறிந்து தண்டுவடம் நசுங்கிவிட்டது. இடுப்புக்குக் கீழே அசைவும் போச்சு, உணர்வும் போச்சு. அப்போது அவருக்கு 38 வயது.

ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த மூன்றாவது மாதம் படுக்கைப் புண் வந்தது. நாங்கள் கவனிக்காமல் விட்டோம் என்று சொல்ல முடியாது. சித்தி தினமும் துடைத்துப் பவுடர் போட்டார்கள். அப்பத்தா எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்த்துவிட்டது. அப்பா புதுவயல் அரிசி ஆலையில் இருந்து ஒரு பழைய லாரி ட்யூபை வாங்கி வந்து காற்றடித்து, இடுப்புக்கு அடியில் வளையமாக வைத்தார். இந்த மூன்றில் இரண்டு தப்பு என்பது பிறகுதான் தெரிந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

வெளியே தெரிந்தது ஒரு ரூபாய்க் காசு அளவு கறுப்புத்தான். ஒரு வாரத்தில் அது உடைந்தபோது உள்ளே என் கைமுட்டி போகிற அளவுக்குக் குழி. எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. "இவ்வளவு பெரிசு ஒரே வாரத்துல எப்படி வந்துச்சு?" என்று சித்தி அழுதார்கள். ஒரே வாரத்தில் வரவில்லை. உள்ளே முன்னாலேயே ஆரம்பித்துவிட்டது. மேலே தெரிந்தது கடைசியில்தான்.

இந்தக் கட்டுரையே அந்த விஷயத்தைப் பற்றித்தான். உள்ளே நடப்பதை மேலே தெரியும் முன்பே பார்க்க முடியுமா?

மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தார்கள். அதற்கு முந்தின நாள் சாயங்காலம் பிளாஸ்டிக் சர்ஜன் வந்தார். கையில் பேனா மாதிரி ஒரு கருவி, அதில் இருந்து ஒரு வயர், வயரின் முனையில் சின்ன ஸ்பீக்கர் பெட்டி. சித்தப்பாவைக் குப்புறப் படுக்க வைத்து, புண்ணுக்குப் பக்கத்தில் பிசின் மாதிரி ஜெல்லைத் தடவி அந்தப் பேனாவை மெதுவாக நகர்த்தினார். ஸ்பீக்கரில் கரகர என்று இரைச்சல். நகர்த்திக்கொண்டே போனபோது ஓரிடத்தில் திடீரென்று "ஷ்ஷூ... ஷ்ஷூ... ஷ்ஷூ" என்று நாடித் துடிப்போடு சத்தம் வந்தது. உடனே அந்த இடத்தில் மார்க்கரால் ஒரு பெருக்கல் குறி போட்டார். இப்படி நாலு குறி.

நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். "தம்பி என்ன படிக்கிற?" என்று கேட்டார். "இ.சி.இ. டிப்ளமோ சார்." "அப்ப இது உன் சப்ஜெக்ட்டுப்பா. எட்டு மெகாஹெர்ட்ஸ். ஏன் சத்தம் கேக்குது, சொல்லு பாப்போம்." நான் முழித்தேன். டாப்ளர் விளைவு என்று இரண்டு மதிப்பெண் கேள்விக்கு எழுதியிருக்கிறேன். ரயில் கிட்ட வரும்போது விசில் கீச்சென்று கேட்கும் என்று உதாரணமும் எழுதியிருக்கிறேன். அது சித்தப்பாவின் முதுகில் இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அன்றைக்கு ராத்திரி ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பேனா முனையில் இருக்கிற படிகம் 80 லட்சம் ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அந்த ஒலி நம் காதுக்குக் கேட்காது. உடம்புக்குள் அது விநாடிக்குச் சுமார் 1540 மீட்டர் வேகத்தில் போய், ஓடுகிற ரத்தச் சிவப்பணுக்களில் பட்டுத் திரும்புகிறது. பட்ட பொருள் ஓடிக்கொண்டிருப்பதால் திரும்பி வருகிற அதிர்வெண் கொஞ்சம் மாறிவிடும். ரத்தம் விநாடிக்கு 20 செ.மீ. வேகத்தில் ஓடுகிறது, பேனா 60 டிகிரி சாய்வில் இருக்கிறது என்று வையுங்கள். இரண்டு பங்கு அதிர்வெண்ணை வேகத்தாலும் கொசைன் கோணத்தாலும் பெருக்கி ஒலியின் வேகத்தால் வகுத்தால், மாற்றம் சுமார் 1040 ஹெர்ட்ஸ். அனுப்பியதையும் வந்ததையும் மிக்ஸரில் கலந்து வித்தியாசத்தை மட்டும் பிரித்து எடுத்தால் அந்த 1040 ஹெர்ட்ஸ் நேராக ஸ்பீக்கருக்குப் போகிறது. அது நம் காது கேட்கிற எல்லைக்குள் வந்து விழுகிறது என்பதுதான் இதில் அதிர்ஷ்டம்! நம்ம ரேடியோ ரிசீவரில் நடப்பதும் இதேதான்.

அந்தப் பெருக்கல் குறிகள் எதற்கு? புட்டத்துச் சதைக்குள் இருந்து சிறு தமனிகள் சதையைத் துளைத்துக்கொண்டு மேலே தோலுக்கு வருகின்றன. ஒவ்வொன்றும் ஒரு குழாய் இணைப்பு மாதிரி. தன்னைச் சுற்றி உள்ள தோலுக்கும் கொழுப்புக்கும் தண்ணீர் விடுகிறது. அந்த இணைப்பு அறுந்துவிடாமல் அந்தத் தோல் துண்டை அப்படியே திருப்பிக் கொண்டுவந்து குழியை மூடலாம். ஜப்பானைச் சேர்ந்த கோஷிமா என்ற மருத்துவரும் அவர் குழுவும் படுக்கைப் புண்ணுக்கு இந்த முறையை 1993-ல் வெளியிட்டார்கள். சதையை வெட்டி எடுக்காமல் ரத்தக் குழாயை மட்டும் நம்பிச் செய்கிற வேலை. குழாய் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் கத்தி வைத்தால் துண்டு செத்துப்போகும்.

சித்தப்பாவுக்கு மூன்று வாரத்தில் ஆறியது. ஆனால் எனக்கு அந்த "ஷ்ஷூ" சத்தம் காதிலேயே நின்றுவிட்டது.

இப்போது புண் ஏன் வருகிறது என்று பார்ப்போம். உங்கள் கட்டை விரல் நகத்தை அழுத்திப் பாருங்கள். வெளுக்கும். விட்டால் ரத்தம் திரும்பிவிடும். கொஞ்ச நேரம் அழுத்தி விட்டால் முன்பைவிட அதிகமாகச் சிவக்கும். பட்டினி கிடந்த திசு ரத்தத்தைக் கூடுதலாகக் கேட்டு வாங்குகிறது. பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் நாம் அறியாமலே நெளிகிறோமே, அது இந்தப் பட்டினியின் சத்தம்தான். சார் "ஏன்டா நெளியுற" என்று திட்டினால், தோலுக்கு ரத்தம் விடுகிறேன் சார் என்று சொல்லலாம்! சித்தப்பாவுக்கு அந்தச் சத்தம் மூளைக்குப் போவதில்லை. வயர் அறுந்துவிட்டது.

தோலில் உள்ள மிகச் சின்னக் குழாய்களுக்குத் தந்துகி என்று பெயர். அதற்குள் இருக்கிற அழுத்தத்தை லாண்டிஸ் என்ற அமெரிக்கர் 1930-ல் நகத்தடித் தோலில் மிக நுண்ணிய கண்ணாடி ஊசியைக் குத்தி அளந்தார். உள்ளே வரும் முனையில் சுமார் 32 மி.மீ. பாதரசம். நம் கணக்கில் சதுர செ.மீ.க்கு 43 கிராம் சொச்சம். அவ்வளவுதான்! கடினமான பலகையில் உட்காரும்போது உட்காரும் எலும்புக்கு அடியில் 100 மி.மீ.யைத் தாண்டுவது சாதாரணம். ஆனால் 32 என்பதை ஒரு கோடு மாதிரி எடுத்துக்கொண்டு, அதற்குக் கீழே பத்திரம், மேலே ஆபத்து என்று சொல்வது சரியில்லை. அது ஆரோக்கியமான விரலில் எடுத்த அளவு. உடம்புக்கு உடம்பு, இடத்துக்கு இடம் மாறும். அதோடு நேரமும் சேர வேண்டும். 1959-ல் கோசியாக் என்ற மருத்துவர் நாய்களில் சோதித்துப் பார்த்துச் சொன்னது, அழுத்தம் குறைவானாலும் நேரம் நீண்டால் கெடுதல், அழுத்தம் அதிகமானால் கொஞ்ச நேரமே போதும் என்று. இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் 1944-ல் தண்டுவடப் பிரிவைத் தொடங்கிய குட்மன், நோயாளிகளை ராத்திரியும் பகலும் இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைத்தார். மருந்தால் நிற்காத சாவுகள் அதனால் குறைந்தன.

புண் வருகிற இடங்களைக் கவனியுங்கள். எல்லாமே எலும்பு மேலே முட்டுகிற இடம். இடுப்புக்குக் கீழே புட்டத்தின் மேல் பக்கம் தட்டுப்படுகிற எலும்பு, உட்காரும் எலும்பு, தொடையின் வெளிப்பக்க மேடு, குதிகால், கணுக்கால், குழந்தைகளுக்குப் பின்மண்டை. மெத்தை ஒரு பக்கம், எலும்பு இன்னொரு பக்கம், நடுவில் சதை சப்பாத்தி மாதிரி நசுங்குகிறது. நசுங்குவது எலும்பை ஒட்டிய பக்கம்தான் அதிகம். தோல் உழைத்து உரம் ஏறியது, கொஞ்சம் தாங்கும். சதை தாங்காது.

இதைச் சித்தப்பாவிடம் சொன்னபோது அவர் உடனே பிடித்துக்கொண்டார். "சொவத்துல ஓதம் ஏறுற மாதிரிடா" என்றார். பழைய செட்டிநாட்டுச் சுவரில் பூச்சு ஒரே அடுக்கு கிடையாது. அடியில் கரடான சுண்ணாம்பும் மணலும், அதற்கு மேலே மேலே சன்னமாக அரைத்த சுண்ணாம்பு, கடைசியில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துக் கண்ணாடி மாதிரி தேய்த்து எடுக்கிற மெழுகு அடுக்கு. ஓதம் செங்கல் பக்கத்தில் இருந்து வரும். உள் பூச்சுப் பொடிந்து, விட்டுப்போய், கடைசியில்தான் மேல் அடுக்கில் ஒரு மயிர்க்கோடு தெரியும். பார்க்கிறவர்கள் "சின்ன விரிசல்தானே" என்பார்கள். கை வைத்தால் பலகை பலகையாக விழும்.

"அப்ப முன்னாலயே எப்படிக் கண்டுபிடிப்பீங்க சித்தப்பா?"

"தட்டிப் பாப்பேன். நல்ல சொவரு டக்குனு கேக்கும். விட்ட எடம் பொக்குனு கேக்கும்."

நண்பர்களே, மருத்துவத்தில் தட்டிப் பார்க்கும் முறையை 1761-ல் எழுதி வெளியிட்டவர் ஆவன்புருக்கர் என்ற ஆஸ்திரிய வைத்தியர். அவர் அப்பா விடுதி நடத்தியவர். பீப்பாயில் எவ்வளவு சரக்கு மிச்சம் என்று தட்டிப் பார்ப்பார்களாம். மகன் அதையே நெஞ்சில் செய்தார். அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் தட்டிப் பார்ப்பதுதான். என்ன, விநாடிக்கு ஒரு கோடித் தடவை அதிர்கிற சுத்தியல்!

சுத்தியலைத் தேர்ந்தெடுப்பதில்தான் சூட்சுமம். ஒலியின் அலைநீளத்தைவிடச் சின்னப் பொருளைப் பிரித்துப் பார்க்க முடியாது. 5 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 0.3 மி.மீ. நம் தோலின் மேல்தோல், உள்ளங்கை உள்ளங்கால் தவிர்த்து, சுமார் 0.1 மி.மீ.தான். அதற்குக் கீழே உள்தோல் ஒன்றிரண்டு மி.மீ. அப்புறம் கொழுப்பு, சதை, எலும்பு. ஆகவே 5 மெகாஹெர்ட்ஸில் தோல் ஒரே கோடாகத் தெரியும். 20 மெகாஹெர்ட்ஸுக்குப் போனால் அலைநீளம் 0.08 மி.மீ.க்கும் கீழே. தோல் அடுக்கு அடுக்காகப் பிரியும். அப்படியானால் எல்லாவற்றையும் 20-லேயே பார்த்துவிடலாமே? முடியாது. மெல்லிய திசுவில் ஒரு செ.மீ.க்கு, ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு, சுமார் அரை டெசிபல் இழப்பு. 20 மெகாஹெர்ட்ஸில் 2 செ.மீ. ஆழம் போய்வர 40 டெசிபல் போய்விடும். அனுப்பிய சக்தியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு! எலும்பு ஓரத்தைப் பார்க்க வேண்டுமானால் 10 அல்லது அதற்கும் கீழே இறங்கியாக வேண்டும். சன்னமாகப் பார்த்தால் ஆழம் கிடைக்காது, ஆழமாகப் பார்த்தால் சன்னம் கிடைக்காது. இந்தப் பேரம் எல்லாக் கருவியிலும் வரும்.

எலும்பு 2 செ.மீ. ஆழத்தில் இருந்தால் எதிரொலி வந்து சேர 26 மைக்ரோ விநாடி. நம் லேப் சி.ஆர்.ஓ.வே தாராளமாகக் காட்டுகிற நேரம்தான். அதை ஆழமாக மாற்றி, எதிரொலியின் பலத்தை வெளிச்சமாக மாற்றி, பக்கத்தில் பக்கத்தில் கோடு போட்டால் படம்.

படத்தில் நல்ல உள்தோல் வெளிச்சமாகத் தெரியும், ஏனென்றால் அதில் உள்ள நார்கள் ஒலியைத் திருப்பி அடிக்கும். கொழுப்பு இருட்டாக, நடுநடுவே வெள்ளைக் கோடுகளோடு தெரியும். சதைக்கு மேலே உறை ஒரு பளிச் கோடு. எலும்பு மிகப் பளிச்சென்ற கோடு, அதற்கு அப்பால் வெறும் நிழல். புண் வரப்போகிற இடத்தில் என்ன மாறும்? நீர் கோத்துக்கொள்ளும். அந்த இடம் கறுத்துப்போகும். அடுக்குகளின் எல்லைக் கோடுகள் கலைந்துபோகும். மேலே தோல் முழுசாக இருக்கும்போதே ஆழத்தில் இந்தக் கறுப்புத் திட்டு தெரியக்கூடும். சித்தப்பாவுக்கு அந்த ஒரு ரூபாய்க் காசு தெரிவதற்கு முன்னால் யாராவது இப்படி ஒரு படம் எடுத்திருந்தால் என்று நான் நினைக்காத நாள் இல்லை. ஆனால் நீர் கோத்த எல்லா இடமும் புண் ஆகும் என்பதும் இல்லை. நாள் முழுக்கப் படுத்தே இருப்பவருக்குச் சும்மாவே கொஞ்சம் நீர் இறங்கும். படத்தைப் படிக்கிறவருக்கு அனுபவம் வேண்டும்.

இடத்துக்கு இடம் படம் வேறு. குதிகால் தனி ரகம். அங்கே மேல்தோல் மிகத் தடிப்பு. வெறுங்காலில் நடக்கிற நம்மூர்க்காரர்களுக்கு இன்னும் தடிப்பு. அடியில் கொழுப்பு சின்னச் சின்ன அறைகளாக, நார்ச் சுவர்களோடு கட்டப்பட்டிருக்கும், நடக்கும்போது அதிர்ச்சி தாங்க. நிற்பதற்குக் கட்டிய அந்த அஸ்திவாரத்தை மல்லாந்து படுக்கும்போது பின்பக்கமாக அழுத்துகிறோம். அங்கே அந்த ஏற்பாடு கிடையாது, தோலும் எலும்பும்தான். உட்காரும் எலும்பு இன்னொரு மாதிரி. ஆரோக்கியமானவருக்கு அங்கே கொழுப்பும் சதையும் மெத்தை. கால் செயலிழந்தவருக்கு வருடம் போகப் போகச் சதை கரைந்து மெத்தை மெலிந்துகொண்டே வரும். எம்.ஆர்.ஐ. எடுப்பது பொதுவாகப் படுக்க வைத்துத்தான், ஆனால் பக்கம் திறந்த எம்.ஆர்.ஐ. இயந்திரத்தில் ஆளை உட்கார வைத்தே படம் எடுத்து, எலும்புக்கு அடியில் சதை எவ்வளவு நசுங்குகிறது என்று இஸ்ரேலில் கெஃபன் என்பவரின் குழு கணக்கிட்டது. ஆழத்தில் தொடங்கும் புண் பற்றிய நம்பிக்கை அதனால் பலப்பட்டது.

சரி, ரத்தக் குழாய்க்கு வருவோம். டாக்டர் காட்டிய டாப்ளர் தமனிக்குச் சரி. தந்துகிக்கு? அங்கே ரத்தம் விநாடிக்கு ஒரு மி.மீ. கூடப் போகாது. அதே சூத்திரத்தில் போட்டால் 5 ஹெர்ட்ஸ். மூச்சு விடும்போது உடம்பு அசைவதே அதைவிட அதிகச் சத்தம் போடும். ஆகவே தந்துகியைப் பார்க்க ஒலியை விட்டு ஒளிக்கு வர வேண்டும்.

லேசர் டாப்ளர் என்று ஒன்று உண்டு. சிவப்பு அல்லது அகச்சிவப்பு லேசரைத் தோலில் விட்டால் ஒரு மி.மீ. ஆழம் வரை போய்ச் சிதறித் திரும்பும். ஓடுகிற அணுக்களில் பட்ட ஒளி மட்டும் அதிர்வெண் மாறி வரும். ரத்த ஓட்டம் எவ்வளவு என்று ஓர் எண் கிடைக்கும், ஆனால் குழாயின் உருவம் கிடைக்காது.

உருவம் வேண்டுமானால் ஓ.சி.டி. கண் ஆஸ்பத்திரியில் விழித்திரைக்கு எடுக்கிறார்களே, அதே ஓ.சி.டி.தான். 1991-ல் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் வந்தது. அல்ட்ராசவுண்ட் செய்வதை இது ஒளியால் செய்கிறது. ஒரு சிக்கல். ஒலி 2 செ.மீ. போய்வர 26 மைக்ரோ விநாடி ஆகிறது. ஒளி தோலில் 1 மி.மீ. போய்வர ஒரு விநாடியில் லட்சம் கோடியில் ஒன்பது பங்கு. எந்த சி.ஆர்.ஓ.வும் அளக்காது. அதற்கு அவர்கள் பிடித்த வழி, பிளஸ் டூ இயற்பியலில் வருகிற மைக்கல்சன் குறுக்கீட்டுமானி! ஒளியை இரண்டாகப் பிரித்து ஒன்றைத் தோலுக்கும் ஒன்றைக் கண்ணாடிக்கும் அனுப்புவது. இரண்டும் ஒரே தூரம் போய் வந்தால்தான் குறுக்கீட்டுப் பட்டை வரும், அதுவும் ஒளி பல நிறம் கலந்ததாக இருந்தால். கண்ணாடியை நகர்த்த நகர்த்த ஒவ்வொரு ஆழமாக வாசிக்கலாம். பத்து மைக்ரான் அளவுக்குச் சன்னமாகத் தெரியும். நிற்கிற திசுவின் படம் அடுத்தடுத்த நொடியில் மாறாது, ரத்தம் ஓடுகிற இடம் மட்டும் மாறும். ஒரே இடத்தைப் பலமுறை எடுத்து, மாறியதை மட்டும் வைத்துக்கொண்டால் ரத்தக் குழாய் வலை அப்படியே கிடைக்கும். ஊசியும் இல்லை, சாயமும் இல்லை. மேல்தோலில் ரத்தக் குழாயே கிடையாது, அதற்குக் கீழே தந்துகிகள் கொண்டை ஊசி வளைவாக எழுந்து நிற்கும், அதற்கும் கீழே கிடையாக ஒரு வலை, இப்படிப் புத்தகத்தில் படம் போட்டிருப்பதை உயிரோடு பார்க்கலாம். ஆனால் ஆழம் ஒன்று, ஒன்றரை, மிஞ்சினால் இரண்டு மி.மீ.தான். குதிகாலின் தடித்த தோலில் ஒளி பாதி வழியிலேயே தேங்கிவிடும். எலும்பு ஓரத்தில் தொடங்கும் புண்ணுக்கு இது எட்டாது.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். எங்களுக்கு முதலில் கொடுத்த தாளில் "தோல் சிவந்தால் கவனிக்கவும், அழுத்தினால் வெளுக்காத சிவப்பு முதல் கட்டம்" என்று இருந்தது. சித்தப்பாவின் முதுகைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் சிவப்பு எங்கே தெரியப் போகிறது? வெயிலில் நின்று வேலை பார்த்த கறுத்த உடம்பு. அந்த வாக்கியம் வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதியது. நம் தோலில் அது ஊதாவாக, அல்லது பக்கத்துத் தோலைவிடச் சற்றுக் கறுப்பாக மட்டுமே தெரியும், சில சமயம் தெரியவே தெரியாது. பக்கத்து இடத்தோடு ஒப்பிட்டுச் சூடா குளிர்ச்சியா, கெட்டியா கொழகொழப்பா என்று தொட்டுத்தான் பார்க்க வேண்டும். கருவியிலும் இதே கதை. மெலனின் கண்ணுக்குத் தெரியும் ஒளியை நிறைய உறிஞ்சும். விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டர் கறுப்புத் தோலில் சில நேரம் தவறாகக் கூட்டிக் காட்டுகிறது என்று கொரோனா ஆண்டான 2020-ல் பெரிய பேச்சு எழுந்தது. தோலுக்கான ஓ.சி.டி. பெரும்பாலும் 1300 நானோமீட்டரில் வேலை செய்வது நமக்கு நல்லது, அங்கே மெலனின் அவ்வளவு உறிஞ்சாது. அல்ட்ராசவுண்டுக்கு நிறமே தெரியாது.

வெப்பப் படத்துக்கும் நிறம் தெரியாது. அந்தக் கதை நம்ம ஊரில் இருந்து தொடங்குகிறது. பால் பிராண்ட் என்ற மருத்துவர் 1914-ல் கொல்லிமலையில் பிறந்தவர். பாதிரியார் மகன். மருத்துவம் படிக்கும் முன் லண்டனில் கட்டட வேலை கற்றவராம். அதாவது சித்தப்பாவின் சாதி! 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து தொழுநோயாளிகளின் கையையும் காலையும் சரிசெய்தார். தொழுநோயில் சதை தானாக அழுகுகிறது என்று எல்லோரும் நினைத்த காலத்தில், சதையில் குறை இல்லை, வலி தெரியாததால் அழுத்தமும் காயமும் கவனிக்கப்படாமல் போவதே காரணம் என்று காட்டினார். 1966-ல் அமெரிக்காவில் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபின், உணர்வற்ற கையையும் காலையும் வெப்பப் படக் கருவியில் பார்த்தார். புண் உடையும் முன்பே அந்த இடம் சூடாகத் தெரியும். நோயாளிக்கு இல்லாத வலியை அந்தப் படம் கண்ணுக்குக் காட்டியது.

அவரோடு வேலூரில் பணிபுரிந்த டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் ஒரு கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். 1966-ல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் தொடங்கினார். 1972-ல் பத்மஸ்ரீ. சித்தப்பாவிடம் இதைச் சொன்னபோது ஒன்றும் பேசவில்லை. மறுநாள், "அந்தம்மா உக்காந்தே ஆபரேசன் பண்ணுச்சா?" என்று மட்டும் கேட்டார்.

வெப்பப் படக் கேமரா நமக்கு எட்டாத விலை. ஆனால் கொரோனா சமயத்தில் வாங்கிய துப்பாக்கி வெப்பமானி ஒன்று நம் கல்லூரி ஸ்டோரில் சும்மா கிடந்தது. ஸ்டோர் கீப்பர் அண்ணனிடம் கையெழுத்துப் போட்டு வாங்கிப்போனேன். காலையில் சித்தி புரட்டிப் போட்டதும் பத்து நிமிடம் காற்றாட விட்டு, இரண்டு குதிகால், இரண்டு பக்க இடுப்பு, இரண்டு உட்காரும் எலும்பு என்று ஆறு இடத்தில் எடுத்து நோட்டில் எழுதுகிறேன். நெற்றிக்கு என்று இருக்கும் முறையில் வைக்கக் கூடாது, அது தானாகக் கூட்டிக் கணக்குப் போடும். பொருளின் வெப்பம் என்ற முறையில் வைக்க வேண்டும். தனி எண்ணுக்கு மதிப்பில்லை, இடது வலது வித்தியாசம்தான் விஷயம். சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்கு 2.2 டிகிரி வித்தியாசத்தை எச்சரிக்கையாக வைத்திருக்கிறார்கள். இடுப்புக்கு அப்படி ஒத்துக்கொண்ட எண் கிடையாது. போன ஆவணியில் ஒருநாள் வலது குதிகால் 1.6 டிகிரி கூட இருந்தது. தொட்டால் கொழகொழ. கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை கொடுத்துக் குதிகாலை அந்தரத்தில் தொங்க விட்டோம். நாலு நாளில் இறங்கிவிட்டது. அது புண்ணாகி இருக்குமா, தானாகவே சரியாகி இருக்குமா என்பதை எந்தக் கருவியும் எனக்குச் சொல்லாது.

முதலில் தப்பு என்றேனே, அதைச் சொல்லிவிடுகிறேன். நிறம் மாறிய இடத்தில் எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்ப்பது தப்பு. ஏற்கெனவே நொந்த குழாய்களை அது இன்னும் கிழிக்கும். ட்யூப் வளையமும் தப்பு. நடுவில் அழுத்தம் இல்லை என்று தோன்றும். ஆனால் வளையத்தின் விளிம்பு சுற்றிலும் அழுத்தி நடுவுக்கு ரத்தம் வருகிற வழியை அடைத்துவிடும். அப்பாவிடம் இதைச் சொல்ல எனக்கு ஒரு மாதம் ஆனது. அவர் அந்த ட்யூபைக் கிணற்றடியில் ஆணியில் மாட்டியிருக்கிறார், இன்னும் எடுத்துப் போடவில்லை.

எங்கள் இறுதியாண்டு பிராஜெக்ட்டும் இதுதான். சக்கர நாற்காலி மெத்தைக்கு அடியில் நான்கு அழுத்த சென்சார், ஒரு மைக்ரோ கன்ட்ரோலர், ஒரு பஸ்ஸர். அழுத்தம் இருபது நிமிடம் இறங்காமல் இருந்தால் கத்தும். சித்தப்பா இரண்டு கையையும் ஊன்றி உடம்பைத் தூக்கினால் நிற்கும். எழுத்தில் நன்றாக இருந்தது. ஆனால் இந்த மலிவு சென்சார்களில் ஒரே எடையை வைத்துக்கொண்டே இருந்தால் அளவு தானாக நகர்ந்துகொண்டே போகும். முதல் நாள் சாயங்காலம் யாருமே உட்காராத நாற்காலி கத்தியது! இரண்டாம் நாள் சித்தப்பா பேட்டரியைக் கழற்றி டிவி ரிமோட்டில் போட்டுக்கொண்டார். அப்புறம் எடையின் அளவைப் பார்ப்பதை விட்டு, எடை மாறுகிறதா என்பதை மட்டும் பார்க்கும்படி புரோகிராமை மாற்றினோம். இப்போது பரவாயில்லை. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தூக்குகிறார், ஆனால் இரண்டு நிமிடமாவது தூக்கி நிற்க வேண்டும். அவர் பத்து விநாடியில் இறங்கிவிடுகிறார். அதைக் கண்டுபிடித்துச் சொல்ல இன்னும் சேர்க்கவில்லை.

சர்க்யூட் படமும் புரோகிராமும் லேபில் மூன்றாவது அலமாரியில், பச்சை ஃபைலில் இருக்கின்றன. இரண்டாம் ஆண்டுத் தம்பி தங்கைகள் யாராவது அடுத்த வருடம் எடுத்துக்கொள்வதாக இருந்தால் தேர்வுக்கு முன்னால் என்னைப் பாருங்கள். சாக்கோட்டைக்கு ஒருநாள் வந்து சித்தப்பாவையும் பாருங்கள். அவர் நாற்காலியில் இருந்தபடியே பக்கத்து வீட்டுப் பையன்கள் இருவருக்குப் பூச்சு வேலை சொல்லிக் கொடுக்கிறார். சுவரைத் தட்டிக் காட்டி, இது டக்கு, இது பொக்கு என்று பிரித்துச் சொல்கிறார்.